அமத்தின பிறகும் ஓடும் மீட்டர்: ஸ்மார்ட் வீட்டுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு ஃபேன், லைட் எல்லாவற்றையும் அமத்திவிட்டு, வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டியைப் போய்ப் பாருங்கள். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஏதோ கரண்ட் எடுக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் சிமிட்டல் நிற்காது. கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். மிச்சம் இருக்கிற அந்தச் சிமிட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பை, வள்ளியூர் என்று நம் திருநெல்வேலிப் பக்கத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்போது வாசலில் ஒரு கேமரா இருக்கிறது. மகன் துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார். அம்மா அப்பா மட்டும் ஊரில். லீவுக்கு வரும்போது கேமரா, வைஃபை பல்பு, குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர், ஸ்மார்ட் பிளக் எல்லாம் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த பில் கூடி வந்ததும் பழி அந்தப் பல்பின் மேலும் ஸ்பீக்கரின் மேலும் விழுகிறது. அளந்து பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் அவை சின்னத் திருடர்கள்தான். நிறைய எடுப்பவை பல வருஷமாக நம் கூடவே இருக்கிற பெட்டிகள். எது எவ்வளவு எடுக்கிறது என்று தெரியாமல் புதுப் பொருள் வாங்குவதும் வேண்டாம், இருப்பதைக் கழற்றி எறிவதும் வேண்டாம். முதலில் அளந்துவிடுவோம்.

எதற்காக எடுக்கிறது?

ஸ்மார்ட் பல்பை ஆப்பில் அணைத்தால் வெளிச்சம்தான் போகிறது. உள்ளே இருக்கிற வைஃபை சிப் விழித்துக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் அடுத்து எப்போது ‘எரி’ என்று சொல்வீர்களோ என்று அது காத்திருக்க வேண்டும் அல்லவா? அந்தச் சிப்புக்கு 230 வோல்ட்டை மூன்று, ஐந்து வோல்ட்டாக இறக்கித் தர ஒரு சின்ன பவர் சப்ளையும் எந்நேரமும் ஓட வேண்டும். ஸ்பீக்கரில் மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்மார்ட் பிளக்கில் உள்ளே ரிலே என்று ஒரு காந்தச் சுவிட்ச் உண்டு. பிளக் ‘ஆன்’ நிலையில் இருக்கும்வரை அந்தக் காயிலுக்கும் தனியாகக் கொஞ்சம் கரண்ட் போகும். இப்படிச் சும்மா இருக்கும்போது போவதைத்தான் ஸ்டாண்ட்பை என்கிறோம்.

ஒரே ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்

நமக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அறுபது நாள் என்றால் 1,440 மணி நேரம். ஒரு வாட் எடுக்கிற பொருள் இடைவிடாமல் ஓடினால் ஒரு பில்லுக்கு 1.44 யூனிட், அதாவது ஏறக்குறைய ஒன்றரை யூனிட். 10 வாட் என்றால் 14 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 50 வாட் என்றால் 72 யூனிட். இது ஒன்று கையில் இருந்தால் பெட்டியில் போட்டிருக்கும் எந்த எண்ணையும் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடலாம்.

72 யூனிட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். நம் ஊர்க் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2016-இல் தொடங்கிய நூறு யூனிட் இலவசத்தில் சின்ன வீடுகளுக்குப் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனால் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டின யூனிட்டுக்கு விலை எட்டு ரூபாய்க்கு மேல் போவது மட்டும் இல்லை. கீழே 101 முதல் 200 வரை கிடைத்துக்கொண்டிருந்த மலிவு விலையும் சேர்ந்து போய்விடும். அதனால் 480-க்கும் 520-க்கும் நடுவில் ஊசலாடுகிற வீட்டுக்கு இந்த நாற்பது யூனிட் ரொம்ப முக்கியம். ஏசி ஓடுகிற வீடுகளில் சித்திரை, வைகாசியில் நடப்பது பெரும்பாலும் இதுதான். கட்டணம் அவ்வப்போது மாறும், ஆகவே உங்கள் கடைசி பில்லை எடுத்து எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: மீட்டரைக் கொண்டே மொத்தத்தை அளங்கள்

இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஆங்கிலத்தில் 3200 இம்ப் என்றோ 1600 இம்ப் என்றோ அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் ஓடுவதற்குள் அந்தச் சிவப்பு விளக்கு அத்தனை தடவை சிமிட்டும் என்பது அதன் பொருள்.

ஃபேன், லைட், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும் பத்து நிமிஷம் நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது; ஆனால் மறுபடி போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வாருங்கள். மற்றதெல்லாம் வழக்கமாக ராத்திரி எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். டிவியை ரிமோட்டில்தான் அணைப்பீர்கள் என்றால் ரிமோட்டிலேயே அணையுங்கள்.

அப்புறம் கைபேசியில் ஸ்டாப்வாட்ச் எடுத்து, ஒரு சிமிட்டலில் தொடங்கி அடுத்த பத்தாவது சிமிட்டல் வரை எத்தனை நொடி என்று பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 11,250-ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 மீட்டர் என்றால் 22,500-ஐ வகுக்க வேண்டும்.

உதாரணமாக, 3200 மீட்டரில் பத்துச் சிமிட்டலுக்கு 110 நொடி ஆகிறது. 11,250-ஐ 110-ஆல் வகுத்தால் 102 வாட். இப்போது ஒருவரை உள்ளே அனுப்பி, டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸைச் சுவரில் அமத்தச் சொல்லுங்கள். மறுபடி பத்துச் சிமிட்டலை எண்ணுங்கள். 122 நொடி ஆகிறதா? அப்படியானால் 92 வாட். அந்தப் பெட்டி மட்டும் சும்மா நின்றபடி 10 வாட் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்படியே கேமராப் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, ஏசி ஸ்டெபிலைசர் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி எண்ணலாம். ஒரு மணி நேரத்தில் வீட்டின் முழுக் கதையும் தெரிந்துவிடும்.

மீட்டர் பெட்டியைத் திறக்கவோ சீலைத் தொடவோ கூடாது; வெளியில் நின்று பார்ப்பதுதான் வேலை.

இரண்டாம் படி: சின்னவற்றுக்கு அளவு பிளக்

அரை வாட், ஒரு வாட் எடுக்கும் பொருளைச் சிமிட்டலை வைத்துப் பிடிப்பது கஷ்டம். கரண்ட் அளக்கும் வசதியுள்ள ஸ்மார்ட் பிளக் ஒன்று போதும், வீடு முழுக்க மாற்றி மாற்றிச் சொருகிப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் இரண்டு நாள் இரவல் வாங்கினாலே வேலை முடிந்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த வகைப் பிளக்குகள் பல, ஒன்றிரண்டு வாட்டுக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே காட்டிவிடும். அதனால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை எரியவிட்டு, எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அளக்க வேண்டிய பொருளையும் அதே பாக்ஸில் சொருகுங்கள். கூடின அளவுதான் அந்தப் பொருளுடையது. ஒரே மாதிரி ஸ்மார்ட் பல்புகள் நாலைந்து இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, ஆப்பில் அணைத்துவிட்டு, வருவதை வகுத்துக்கொள்ளலாம்.

சில எலக்ட்ரீஷியன்கள் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி ஆம்பியரைப் பார்த்து, 230-ஆல் பெருக்கிச் சொல்வார்கள். சின்ன அடாப்டர்களுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. அவற்றின் பவர் ஃபேக்டர் குறைவு, அதாவது வயரில் தெரிகிற ஆம்பியர் முழுவதும் வாட்டாக மாறுவதில்லை. உண்மையில் எடுப்பதைப் போல இரண்டு மடங்கு வரை கூடக் காட்டிவிடும். வீட்டு மீட்டர் நம்மிடம் காசு வாங்குவது உண்மையான வாட்டுக்குத்தான்.

கருவியே இல்லையென்றால் கை இருக்கிறது. ஒரு மணி நேரம் சும்மா இருந்த அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதென்றால் அந்தச் சூடு முழுக்க உங்கள் யூனிட். கனமான பழைய அடாப்டர்கள் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ளவை, அவை எப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கைபேசியோடு வந்த லேசான சார்ஜர் சும்மா சொருகியிருந்தால் எடுப்பது பத்தில் ஒரு வாட் அளவுக்குத்தான். பெரும்பாலும் அதுகூட இல்லை. சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி வீட்டில் சண்டை போடுவதை விட்டுவிடலாம்.

எது எவ்வளவு எடுக்கும்?

இவை பொதுவாகக் காணப்படும் அளவுகள். உங்கள் வீட்டில் கூடலாம், குறையலாம்.

ஸ்மார்ட் பல்பு கால் வாட்டிலிருந்து அரை வாட், பழைய வைஃபை பல்பு என்றால் இன்னும் கொஞ்சம் மேல். ஸ்மார்ட் பிளக் அரை வாட்டிலிருந்து ஒன்றரை வாட். சின்ன ஸ்பீக்கர் இரண்டு வாட் பக்கம். ரிமோட் வைத்த பிஎல்டிசி ஃபேன் சும்மா இருக்கும்போது எடுப்பது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவு. அது ஓடும்போது பழைய 75 வாட் ஃபேனைவிட நாற்பது வாட்டுக்கு மேல் மிச்சம் பிடித்துத் தருகிறது, அதனால் அதை ஒன்றும் சொல்லாதீர்கள்.

டிவி சுவாரசியமானது. சர்வதேச எரிசக்தி முகமை 1999-இலேயே ஸ்டாண்ட்பை ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு திட்டத்தை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் அரை வாட் என்று சட்டமே போட்டது; நெட்வொர்க்கில் காத்திருக்கும் சாதனங்களுக்குத் தனி வரம்பும் வைத்தது. உலகம் முழுக்க விற்கும் கம்பெனிகள் அதற்கேற்பச் செய்ததால், இன்றைய டிவி ரிமோட்டில் அணைந்திருக்கும்போது அரை வாட், ஒரு வாட்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் செட்டிங்ஸில் ‘குயிக் ஸ்டார்ட்’ அல்லது ‘இன்ஸ்டன்ட் ஆன்’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் டிவி பாதி விழித்தபடியே கிடக்கும். பத்து வாட்டுக்கு மேல்கூட எடுக்கும். படம் சில நொடி முன்னால் வருவதற்காகக் கொடுக்கிற விலை அது. இன்றைக்கே அதை நிறுத்துங்கள், காசு செலவில்லாத வேலை.

செட்டாப் பாக்ஸ்தான் இந்தப் பட்டியலில் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. ரிமோட்டில் அமத்தினால் பச்சை விளக்கு சிவப்பாகிறது, நாமும் அணைந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். பல பெட்டிகளில் உள்ளே எதுவுமே நிற்பதில்லை. ஓடும்போது எடுக்கிற அதே எட்டு, பத்து, பன்னிரண்டு வாட்டை ராப்பகலாக எடுத்துக்கொண்டிருக்கும். மேலே கை வைத்தாலே சூடு தெரியும்.

வைஃபை ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வாட். நாலு கேமராவும் ஒரு டிவிஆரும் இருந்தால் இருபத்தைந்து, முப்பது வாட். ராத்திரியில் இருட்டில் பார்க்கிற இன்ஃப்ராரெட் விளக்கு எரிவதால் கேமரா பகலைவிடக் கூடுதலாக எடுக்கும். இன்வர்ட்டர், பேட்டரி நிறைந்த பிறகும் பத்திலிருந்து முப்பது வாட் வரை எடுத்துக்கொண்டிருக்கலாம். பழைய மாடல் என்றால் மேல் கணக்குத்தான். ஏசி ஓடாதபோதும் ‘ஆன்’ ஆக விட்டிருக்கும் ஸ்டெபிலைசர் ஒவ்வொன்றும் ஐந்து வாட் பக்கம். மைக்ரோவேவ் அடுப்பு மணி காட்டிக்கொண்டிருக்க மட்டும் இரண்டு மூன்று வாட்.

ஒரு நடுத்தர வீட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ஸ்மார்ட் பல்பு 4 வாட், ஆறு ஸ்மார்ட் பிளக் 6 வாட், இரண்டு ஸ்பீக்கர் 4 வாட். ஆக ‘ஸ்மார்ட்’ என்று பெயர் வாங்கினவை 14 வாட், பில்லுக்கு 20 யூனிட். செட்டாப் பாக்ஸ் 10, குயிக் ஸ்டார்ட் டிவி 12, ரவுட்டர் 12, கேமராக்கள் 26, இன்வர்ட்டர் 20, இரண்டு ஸ்டெபிலைசர் 10, மைக்ரோவேவ் 2. இவை 92 வாட், 132 யூனிட். பழி யார் மேல் விழ வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

இது ஒரு வீட்டுக் கணக்கு மட்டும் இல்லை. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரில் ஓடும் நீர்மின் நிலையத்தின் திறன் 32 மெகாவாட். ஒரு லட்சம் வீடுகளில் வீட்டுக்கு 50 வாட் வீணானால் அது 5 மெகாவாட். அந்த நிலையத்தின் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. மலையிலிருந்து இறங்குகிற அவ்வளவு தண்ணீரின் வேலை சிவப்பு விளக்கு எரியவா போக வேண்டும்?

மூன்றாம் படி: சுவிட்ச் போர்டைப் பயன்படுத்துங்கள்

நம் ஊரில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பல நாடுகளில் இந்த வசதி இல்லை. ஒரு வாட்கூட எடுக்காத, ஐம்பது ரூபாய்ச் சுவிட்ச் நம் சுவரிலேயே இருக்கிறது.

டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட் பார் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு, படுக்கப் போகும்போது சுவரில் ஒரே சுவிட்சை அமத்துங்கள். காலையில் செட்டாப் பாக்ஸ் உயிர் வர ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். அது பெரியவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது, அல்லது எட்டாத இடத்தில் சுவிட்ச் இருக்கிறது என்றால் மட்டும் அங்கே ஸ்மார்ட் பிளக் போட்டு நேரம் வைத்துவிடுங்கள். பிளக் எடுக்கிற ஒன்றரை யூனிட் போக, நாளைக்கு ஐந்து மணி நேரம் டிவி பார்க்கிற வீட்டில் செட்டாப் பாக்ஸால் மட்டும் பத்து யூனிட் மிஞ்சும். அரை வாட் டிவிக்கு மட்டும் தனியாக ஸ்மார்ட் பிளக் போடுவது வீண். பிளக்கே அதைவிட அதிகம் எடுத்துவிடும்.

ஸ்டெபிலைசரை ஏசியை நிறுத்தும்போதே நிறுத்துங்கள். ஐப்பசியிலிருந்து மாசி வரை ஏசியே போடாத வீடு என்றால் மெயின் போர்டில் அதற்கான எம்சிபி சுவிட்சையே கீழே தள்ளிவிடலாம். ஏசி, கீசர் இரண்டுக்கும் சாதாரண 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் போடவே கூடாது, உருகிவிடும்.

மழைக்காலத்துக்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகை இடியிலும், அம்பை, பாபநாசம் பக்கம் கோடையில் சாயங்காலம் வரும் இடியிலும் சுவிட்சை அமத்துவது மட்டும் போதாது. சுவிட்ச் துண்டிப்பது ஃபேஸ் வயரை மட்டும். நியூட்ரல் வழியாகவும் கேபிள் டிவி வயர் வழியாகவும் மின்னலின் கரண்ட் உள்ளே வரலாம். மழைக்கு முன்பே பிளக்கையே உருவிவிடுங்கள், கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு போய்த் தொடாதீர்கள்.

எதை விட்டுவிட வேண்டும்?

ஃபிரிட்ஜ், மருத்துவக் கருவிகள், இன்வர்ட்டர் பக்கம் போகாதீர்கள். இன்வர்ட்டரில் செய்யக்கூடியது பேட்டரிக்கு நேரத்தில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதும், அடுத்து மாற்றும்போது சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கும் என்று கடையில் கேட்டு வாங்குவதும்தான்.

தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் கேமராவையும் ரவுட்டரையும் யூனிட்டுக்காக நிறுத்துவது சரியில்லை. அந்த மனநிம்மதிக்கு ஐம்பத்தைந்து யூனிட் தகும். ஆனால் எத்தனை கேமரா வேண்டும் என்று யோசிக்கலாம். வாசலுக்கு ஒன்று போதும் என்றால் மெமரி கார்டு போட்ட ஒரே கேமரா ஐந்து வாட்டுக்குள் முடிந்துவிடும், டிவிஆரே தேவையில்லை.

ஸ்மார்ட் பல்புக்குச் சுவர் சுவிட்ச் எப்போதும் ‘ஆன்’ ஆக இருக்க வேண்டும். இதில்தான் நம் வீடுகளில் குழப்பம் வருகிறது. வெளியூரில் இருக்கிற மகனிடமிருந்து அம்மாவுக்குப் போன் வரும்.

“எம்மா, வாசல் லைட்டு ஏன் ஆப்ல வரல? சுவிட்ச அமத்திட்டியா?”

“எல்லாத்தையும் அமத்திட்டுத்தாம்ல படுக்கேன். கரண்டு சும்மா போகக் கூடாதுல்லா?”

அம்மா செய்தது சரியான காரியம்தான், சுவிட்ச் எது என்று சொல்லித் தராததுதான் குறை. வண்ண ஸ்டிக்கர் வாங்கி, தொடக் கூடாத சுவிட்சுக்குச் சிவப்பும், ராத்திரி அமத்த வேண்டியதற்குப் பச்சையும் ஒட்டிவிடுங்கள். அமத்தும் பழக்கத்தை மாற்ற முடியாத அறைகளில் ஸ்மார்ட் பல்பைக் கழற்றிவிட்டுச் சாதாரண எல்இடி போடுவதே மேல்.

நாலாம் படி: பலன் தெரிகிறதா என்று பாருங்கள்

மாற்றம் எல்லாம் செய்த அன்று ராத்திரி மறுபடி பத்துச் சிமிட்டலை எண்ணுங்கள். 110 நொடி இருந்தது 160 நொடிக்குப் போயிருந்தால் 102 வாட் 70 வாட்டாக இறங்கியிருக்கிறது. அதுதான் நேரடிச் சான்று, பில்லுக்குக் காத்திருக்க வேண்டாம். பில்லையும் பார்க்க ஆசைப்பட்டால், மார்கழியில் வரும் பில்லைச் சித்திரை பில்லோடு வைத்துப் பார்க்காதீர்கள். ஃபேனும் ஏசியும் கணக்கைக் கலைத்துவிடும். போன வருஷம் இதே இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று பழைய ரசீதிலோ ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையிலோ எடுத்து, அதன் பக்கத்தில் இந்தத் தடவை ரீடிங்கை எழுதிப் பாருங்கள்.